ஜடேஜாவுக்குத் துண்டு கொடுத்தது யார்?

குருவிட்டக் கடைவீதியில், இரத்தினபுரி பஸ் வந்து நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு தேநீர்க் கடை உண்டு. ஞாயிறு தோறும் கோயிலுக்குப் போய்வரும் வழியில் அங்கே அரைமணி நேரம் அமர்வது நமது வழக்கம். தேநீர் அப்படியொன்றும் பிரமாதமில்லை, பேச்சுத்தான் பிரமாதம். தோட்டத்து இளைஞர்கள் நாலைந்து பேர், ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளைப் பெரியவர் ஒருவர், கல்லாவில் அமர்ந்தபடியே எல்லாப் பேச்சிலும் தலையிடும் சிங்கள முதலாளி, இவர்களோடு நாமும் சேர்ந்தால் சபை நிரம்பிவிடும்.

2025ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை அந்தச் சபை இழவு வீடு போல இருந்தது. நாம் திகைத்துப் போனோம். விசாரித்தபோதுதான் விஷயம் விளங்கிற்று. முதல் நாள் சென்னை சுப்பர் கிங்ஸ் கோஷ்டியினர் தமது இரவீந்திர ஜடேஜாவை ராஜஸ்தான் ரோயல்ஸ் கோஷ்டிக்குக் கொடுத்துவிட்டு, மாற்றாகச் சஞ்சு சாம்சனை வாங்கிக்கொண்டனர். ஜடேஜாவோடு இங்கிலாந்து வீரர் சாம் கரனையும் சேர்த்துக் கொடுத்தார்களாம். “ஒன்றுக்கு இரண்டு கொடுத்த ஏமாளிகள்” என்று ஓர் இளைஞன் மேசையைக் குத்தினான். கண்ணாடிக் குவளைகள் துள்ளின. முதலாளி முறைத்தார்.

மேசையைக் குத்திய இளைஞனைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். பெயர் வேண்டாம். நமது வகுப்பில் இருந்தவன். இடதுகைச் சுழற்பந்து வீச்சாளன். அவனுடைய தோட்டத்துக் கோஷ்டிக்கு அவன்தான் தூண். பந்தைக் கையில் எடுத்தால் ஜடேஜாவைப் போலவே இரண்டு குட்டி எட்டு வைத்து, மூச்சு விடுவதற்குள் அடுத்த பந்தைப் போட்டுவிடுவான். முதுகில் எட்டாம் இலக்கம் பொறித்த மஞ்சட் சட்டையொன்று வைத்திருக்கிறான். அதை அவன் கழற்றி நாம் கண்டது அபூர்வம்.

நிற்க. வழக்கின் இரு பக்கத்தையும் வாசகர்கள் கேட்டறிய வேண்டும் அல்லவா?

வாங்கியது சரியே என்று வாதாடியவர்கள் கணக்கைக் காட்டினார்கள். 2025ஆம் ஆண்டுப் போட்டிகளில் சென்னை பத்துக் கோஷ்டிகளுள் பத்தாவதாக வந்தது. அப்படிக் கடைசிக்குப் போனது அதன் வரலாற்றில் அதுவே முதற் தடவை. தோனிக்கு வயது நாற்பத்து நான்கு. அவருக்குப் பின் விக்கெட்டின் பின்னால் நிற்கப் போவது யார்? சாம்சன் முப்பத்தொரு வயதினர்; விக்கெட் காப்பாளர்; முன்வரிசையில் நின்று அடித்தாடுபவர்; 2021 முதல் ராஜஸ்தானுக்குத் தலைமை தாங்கியவர். கேரளத்துப் பிள்ளை, சென்னைக்கு அந்நியரும் அல்லர். ஜடேஜாவோ முப்பத்தேழை நெருங்கிக் கொண்டிருந்தார். ஆகவே, பழுத்த மரத்தைக் கொடுத்துக் காய்க்கிற மரத்தை வாங்கியிருக்கிறார்கள் என்பது அவர்களுடைய வாதம். பண விஷயத்திலும் குறை சொல்ல இடமில்லையாம். சாம்சனுக்குப் பதினெட்டுக் கோடி இந்திய ரூபாய். ஜடேஜாவின் தொகையோ பதினெட்டிலிருந்து பதினான்காகக் குறைந்தது.

எதிர்க்கட்சியின் வாதம் ஒரே ஒரு இரவைப் பற்றியது. 2023ஆம் ஆண்டு மே மாத முடிவில், அகமதாபாத்தில், மழையால் நள்ளிரவு தாண்டி நீண்ட இறுதியாட்டம். கடைசி இரண்டு பந்துகளில் பத்து ஓட்டங்கள் வேண்டும். குஜராத்தின் மோகித் சர்மா பந்தெறிகிறார். ஒன்று ஆறு; அடுத்தது நான்கு. சென்னைக்கு ஐந்தாவது கிண்ணம். எவரையும் எளிதில் கட்டித் தழுவாத தோனி, ஜடேஜாவைத் தூக்கியே விட்டார். அந்த இரவில் தோட்டத்து லயங்களில் விளக்கு அணையவில்லை என்பதையும், மறுநாட் காலைப் பிரட்டுக்குப் பாதிப் பேர் கண் சிவந்து போய் நின்றார்கள் என்பதையும் நாம் அறிவோம். “அந்த இரண்டு பந்துக்கு விலை என்ன, சேர்?” என்று அவன் நம்மைக் கேட்டான். கணிதம் கற்பிக்கும் நமக்கும் விடை தெரியவில்லை.

இவ்விடத்தில் முதலாளி குறுக்கிட்டார். அவர் சென்னையின் அபிமானியாய் இருந்ததெல்லாம் கண்டியைச் சேர்ந்த மதீஷ பத்திரணவுக்காகவே. 2023இல் கிண்ணம் வென்ற கோஷ்டியில் பத்தொன்பது விக்கெட்டுகளை வீழ்த்திய அந்த வேகப்பந்து வீச்சாளரையும் சென்னை அதே வாரத்தில் விடுவித்துவிட்டது. “எனக்குக் கோஷ்டி கிடையாது, மாஸ்டர். பத்திரண எங்கேயோ அங்கேதான் நான்” என்று சர்வ சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் பாலைக் காய்ச்சப் போய்விட்டார். இளைஞர்கள் இதைக் கேட்டு நகைத்தனர். நமக்கு அவருடைய கொள்கை அவ்வளவு நகைப்புக்குரியதாகப் படவில்லை. ஆளை நேசிப்பவன் ஆள் போகுமிடத்துக்குப் போகலாம். கொடியை நேசிப்பவனுக்கும் கவலையில்லை. எவர் வந்தாலும் போனாலும் கொடி இருக்கும். இரண்டையும் சேர்த்து நேசித்தவன்தான் அன்று மேசையைக் குத்திக் கொண்டிருந்தான்.

இதுவரை வாய் திறவாதிருந்த பெரியவர் அப்போதுதான் கேட்டார்: “அவன் பேருக்குத் துண்டு எழுதினது யாரு? அவனைக் கேட்டாங்களா?”

இளைஞர்கள் விழித்தனர். துண்டு என்பது அவர்களுக்குத் தோளில் போடும் துண்டு. பெரியவர் அதை விளக்க நேர்ந்தது. அவருடைய பாட்டனார் காலத்திலே, கங்காணியின் கீழிருந்த ஆட்கள் பட்ட கடனையெல்லாம் கூட்டி, இன்ன தொகையைச் செலுத்துவோர் இவ்வாட்களை அழைத்துக்கொள்ளலாம் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத்தான் துண்டு என்று பெயர். அதைக் கங்காணி எடுத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போவார். தொகையைக் கட்டும் துரை கிடைத்துவிட்டால், சட்டி பானையோடும் பிள்ளை குட்டியோடும் அத்தனை பேரும் புதுத் தோட்டத்துக்கு நடக்க வேண்டியதுதான். கடனும் கூடவே நடக்கும். போக விருப்பமா என்று எவரும் அவர்களைக் கேட்டதில்லை. 1921இல் சட்டம் இயற்றி அம்முறையை ஒழித்தார்கள்.

“சட்டம் வந்தது. அப்புறமும் விட்டாங்களா?” என்றார் பெரியவர். அவர் சொல்ல வந்தது நமக்கு விளங்கிற்று. 1964 அக்டோபரில் ஸ்ரீமாவோ அம்மையாரும் சாஸ்திரியாரும் கையொப்பமிட்ட ஒப்பந்தத்திலே 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. அந்தப் ‘பின்னர்’ 1974இல் வந்தது. ஆளுக்குப் பாதி என்று பங்கிட்டார்கள். பெரியவரின் தமக்கையார் தலைமன்னாரில் கப்பலேறியவர்களுள் ஒருவர். அதற்குப் பின் அவரைத் தம்பி கண்டதில்லை. கிரிக்கெட் ஆட்டக்காரரின் பேச்சில் இதையெல்லாம் கொண்டுவந்து சேர்ப்பது நியாயமா என்று வாசகர் கேட்கலாம். நாமும் அப்படித்தான் எண்ணினோம். ஆனால் மேசையில் ஒருவரும் அப்படி எண்ணியதாகத் தெரியவில்லை.

நாம் பெரியவருக்கு ஒரு சமாதானம் கூறினோம். இப்போதைய விதிப்படி ஐ.பி.எல். கோஷ்டிகள் ஆட்டக்காரரின் சம்மதம் பெறாமல் அவரை மாற்ற முடியாது. ஜடேஜாவும் சம்மதித்தே போயிருக்கிறார். அதுவும் எங்கே? 2008இல் பத்தொன்பது வயதுப் பையனாக அவர் முதன்முதலில் ஆடிய கோஷ்டி ராஜஸ்தான்தான். ஷேன் வோர்னின் தலைமையில், சென்னையையே இறுதியாட்டத்தில் தோற்கடித்து முதற் கிண்ணத்தைக் கொண்டுபோன கோஷ்டி அது. ஆகவே இதைப் பிறந்த வீட்டுக்குத் திரும்பியதாகவே கொள்ளலாம் என்றோம்.

ஆயினும், ஜடேஜாவின் கதையிலேயே பெரியவரின் கேள்விக்கு ஒரு பழைய விடையும் இருக்கிறது. 2010இல், வேறொரு கோஷ்டியுடன் தாமே பேரம் பேச முயன்றார் என்பதற்காக அவரை அந்தப் பருவம் முழுவதும் ஆடவிடாமல் தடுத்துவிட்டார்கள். கோஷ்டிகள் பேரம் பேசினால் வியாபாரம். ஆட்டக்காரன் பேசினால் குற்றம்! மறு வருடம் அவரைக் கொச்சிக் கோஷ்டி ஏலத்தில் எடுத்தது. நமது முரளிதரனையும் அதே ஏலத்தில், பதினொரு இலட்சம் அமெரிக்க டொலருக்கு, அதே கொச்சிதான் எடுத்தது. மூன்று வருடம் சென்னைக்கு ஆடியவர் முரளி. ஒரே பருவத்தோடு கொச்சிக் கோஷ்டி கலைந்து போயிற்று. முரளி பெங்களூருக்கு ஆடிய 2013இலோ, இலங்கை வீரர் எவரும் சென்னை மைதானத்தில் ஆடக்கூடாதென்று தீர்மானமாகி, சென்னையின் மருமகனான அவரே அங்கே இறங்க முடியாது போயிற்று. அவ்வருடம் சென்னைக் கோஷ்டியில் இருந்த குலசேகரவும் அகில தனஞ்சயவும் கூடச் சொந்த மைதானத்திலே ஆட முடியவில்லை. அந்தப் பருவத்தில் எந்தப் பக்கம் கைதட்டுவது என்று தெரியாமல் இங்குள்ள அபிமானிகள் பட்ட பாடு தனிக் கதை.

ரொறன்ரோவில் வாழும் நமது பழைய மாணவர் ஒருவர் அன்றிரவு தொலைபேசியில் பேசினார். குருவிட்ட நிலவரத்தைக் கேட்டு அவர் சிரித்தார். கனடாவிலே பனித்தள ஹொக்கிதான் உயிர் மூச்சு. அங்கே 1988 ஆகஸ்ட் 9ஆம் திகதி எட்மன்டன் ஒயிலர்ஸ் கோஷ்டி தனது வெயின் கிரெட்ஸ்கியை லொஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸ் கோஷ்டிக்குக் கொடுத்துவிட்டது. இளம் ஆட்டக்காரர் இருவரும், புதியவர்களைத் தெரிவு செய்யும் முதற்சுற்று உரிமைகள் மூன்றும், ஒன்றரைக் கோடி டொலரும் அதற்கு விலை. ஐந்து வருடத்தில் நான்கு கிண்ணம் வாங்கிக் கொடுத்தவர் பத்திரிகையாளர் முன்னிலையில் அழுதார். அவ்விற்பனையை அரசாங்கம் தடுக்க வேண்டும் என்று நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் கேட்கும் அளவுக்கு நாடு கொதித்தது. முடிவு என்ன? கிரெட்ஸ்கி இல்லாத எட்மன்டன் 1990இல் மீண்டும் கிண்ணம் வென்றது. கிரெட்ஸ்கியின் புதுக் கோஷ்டி 1993இல் இறுதிவரை வந்து தோற்றது. “ஆகையால் பொறுத்திருந்து பாருங்கள், சேர்” என்றார் மாணவர். அவர் சாம்சன் கட்சி என்பது பின்னர்தான் தெரிந்தது.

விவாதம் அடுத்த ஞாயிறும் தொடர்ந்தது. அதற்கடுத்த ஞாயிறு தொடரவில்லை. நவம்பர் 28ஆம் திகதி டிட்வா புயல் வந்தது. நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. மலைச்சரிவுகளில் லயத்தோடு புதையுண்டவர்களைப் பற்றிய செய்திகள் வந்துகொண்டிருந்த நாட்களில் ஜடேஜாவைப் பற்றிப் பேச எவருக்கு மனம் வரும்?

டிசம்பர் 16ஆம் திகதி அபுதாபியில் ஏலம் நடந்த பின்னரே கடையில் மீண்டும் பேச்சுத் தலையெடுத்தது. பத்திரணவைக் கொல்கத்தா பதினெட்டுக் கோடிக்கு எடுத்துக்கொண்டது. சொன்ன சொல் தவறாமல் முதலாளி அன்றே கொல்கத்தா அபிமானியாகிவிட்டார். சென்னையோ, இந்தியாவுக்கு ஒரு முறையேனும் ஆடியிராத இரண்டு இளைஞர்களை ஆளுக்குப் பதினான்கு கோடியே இருபது இலட்சம் கொடுத்து வாங்கிற்று. ஒருவர் கார்த்திக் சர்மா, விக்கெட் காப்பாளர். மற்றவர் பிரசாந்த் வீர், இருபது வயது. இடதுகைச் சுழற்பந்து வீசுவார், துடுப்பும் எடுப்பார். அதாவது ஜடேஜாவின் நாற்காலியில் உட்காரவே அவரை வாங்கியிருக்கிறார்கள். முப்பது இலட்சத்தில் ஏலம் தொடங்கிய பிள்ளைக்கு ஜடேஜாவை விட இருபது இலட்சம் கூடுதல் விலை! 2026ஆம் ஆண்டுப் பருவத்துக்குச் சென்னை தேறுமா என்று நம்மையும் கேட்டார்கள். துடுப்பாட்டம் தேறும், பந்துவீச்சுத் தள்ளாடும் என்பது நமது அபிப்பிராயம். இளைஞர்களின் தோளில் அத்தனை கோடியை ஏற்றி வைப்பதுதான் நமக்குப் பயமாயிருந்தது.

இந்தப் பேச்சிலெல்லாம் மேசையைக் குத்தும் நண்பன் கலந்துகொள்ளவில்லை. ஓரமாக இருந்தான். காரணத்தை அவனுடைய தோழன் ஒருவன்தான் போட்டு உடைத்தான். அவிசாவளைப் பக்கத்து ஆடைத் தொழிற்சாலையொன்று அவனுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறது. கிரிக்கெட் கோஷ்டியிலும் இடம் உண்டு. பந்துவீச்சைப் பார்த்தே அழைத்தார்களாம். ஒரு மாதமாக ஒருவரிடமும் அவன் வாய் திறக்கவில்லை. தைப்பொங்கலுக்குப் பக்கத்துத் தோட்டத்தோடு ஆட்டம் நிச்சயமாகியிருக்கிறது. “நீயும் ஜடேஜாதானா?” என்று கேட்டான் தோழன். கேலியாகத்தான் கேட்டான், ஆயினும் குரல் கேலியாக இல்லை.

அவன் பதில் சொல்லாமல் வெறும் குவளையைச் சுழற்றிக் கொண்டிருந்தான். வீட்டிலே தாயார் இறப்பர்ப் பால் வெட்டப் போகிறவர். தம்பி ஒருவன் நமது பாடசாலையில் ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறான். இவையெல்லாம் மேசையிலிருந்த எல்லோருக்கும் தெரிந்தவையே.

பெரியவர் தமது மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். “உன்னைக் கேட்டாங்களா, தம்பி?”

“கேட்டாங்க, தாத்தா.”

“யோசிக்க நாள் கொடுத்தாங்களா?”

“தை பிறக்கிற வரைக்கும்.”

“அப்ப இது துண்டு இல்லை” என்றார் பெரியவர். தேநீருக்குச் சில்லறையை எண்ணி மேசையில் வைத்தார்.

தோழர்கள் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் ஒருவன், பொங்கலன்று எறிய யார் இருக்கிறார்கள் என்று கேட்டான். மற்றொருவன், தம்பிக்காரனும் இடதுகைதான், ஆனால் பந்து நேரே போகிறது, திரும்புவதில்லை என்றான். திரும்பும், விரலை வைக்கிற இடம் பிழை என்று முதன்முறையாக வாய் திறந்தான் அவன். குவளையைப் பந்தாகப் பிடித்து விரலை எங்கே வைப்பதென்று காட்டத் தொடங்கினான். முதலாளி, குவளையைக் கீழே வைக்குமாறு சத்தமிட்டார். நமது பஸ்ஸும் வந்துவிட்டது.