வேலை கிடைச்சாச்சு, இடம் கிடைச்சுதா? பெரம்பலூர், அரியலூர் ஆலைகள் முன் நிற்கும் கேள்வி

சுண்ணாம்புக்கல், சிமெண்ட். அரியலூர் என்றால் பல ஆண்டுகளாக இந்த இரண்டும்தான். அந்தப் படம் இப்போது மாறுகிறது. ஜெயங்கொண்டம் சிப்காட்டில், தைவான் முதலீட்டில் அமையும் டீன் ஷூஸ் காலணி ஆலைக்கு 2024 நவம்பர் 15 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் அடிக்கல் நாட்டினார். முதலீடு ரூ.1,000 கோடி. வேலை 15,000 பேருக்கு, அதிலும் பெரும்பாலும் பெண்களுக்கு என்பது அறிவிப்பு.

பக்கத்து மாவட்டமான பெரம்பலூர் இதில் ஒரு படி முன்னால் இருக்கிறது. எறையூர் சிப்காட் 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அங்கே குரோக்ஸ் காலணி தயாரிக்கும் ஆலை வந்துவிட்டது.

வேலைக்காக திருப்பூருக்கும் சென்னைக்கும் பஸ் ஏறிய பிள்ளைகளுக்கு, சொந்த ஊர்ப் பக்கத்திலேயே வேலை. சந்தோஷமான செய்திதான். ஆனால் கேட்டுக்குள் போன பிறகு என்ன? அதைப் பற்றித்தான் இன்னும் யாரும் பெரிதாகப் பேசவில்லை.

இது ஏன் பெரிய மாற்றம்?

2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, 1,000 ஆண்களுக்கு அரியலூரில் 1,015 பெண்கள், பெரம்பலூரில் 1,003 பெண்கள். ஆனால் இந்த மண்ணின் பழைய தொழில் பெண்களுக்குப் பாதிக் கதவைத்தான் திறந்து வைத்திருந்தது. 1952ம் ஆண்டின் சுரங்கச் சட்டப்படி, சுண்ணாம்புக்கல் வெட்டும் திறந்தவெளிச் சுரங்கத்தில் பெண்கள் காலை 6 மணி முதல் இரவு 7 மணி வரைதான் வேலை செய்ய முடிந்தது. இந்தத் தடை தளர்ந்ததே 2019ல்தான்.

இப்போது வருவது பெண்களை நம்பியே தொடங்கும் தொழில். இது தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. 2019-20ம் ஆண்டின் தொழிற்சாலை ஆய்வுப்படி, இந்தியாவில் ஆலை வேலைக்குப் போகும் பெண்களில் 43 சதவீதம் பேர் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள்.

ஆள் எடுப்பது வேறு, இடம் கொடுப்பது வேறு

"எங்களிடம் இத்தனை ஆயிரம் பெண்கள்" என்று சொல்வது சுலபம். அவர்களில் எத்தனை பேர் சூப்பர்வைசர், எத்தனை பேர் மேனேஜர் என்று கேட்டால்தான் விஷயம் புரியும். தையல் மெஷினில் வரிசையாகப் பெண்கள், அவர்களை அதட்டும் இடத்தில் மட்டும் ஆண்கள் என்றால், அது பன்முகத்தன்மை இல்லை. வீட்டில் இருக்கும் அதே ஏற்பாடு, யூனிஃபார்ம் போட்டு வந்திருக்கிறது. அவ்வளவுதான்.

மீதி எல்லாம் சின்னச் சின்ன விஷயங்களில் இருக்கிறது. ஷிப்ட் முடிந்து கிளம்பும் கம்பெனி பஸ் செந்துறை, ஆண்டிமடம், வேப்பந்தட்டை பக்கத்துக் கிராமங்களுக்குள் போகுமா, மெயின் ரோட்டிலேயே இறக்கி விடுமா? பாத்ரூம் போக சூப்பர்வைசரிடம் கை தூக்கி நிற்க வேண்டுமா? குழந்தை பிறந்த பிறகு திரும்பி வருபவருக்குப் பழைய வேலை இருக்குமா? 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள், சம்மதம் இருந்தால் பெண்கள் இரவு ஷிப்டும் பார்க்கலாம் என்கின்றன. அதனால் பஸ் கேள்வி இன்னும் முக்கியமாகிறது.

சட்டத்தில் ஏற்கெனவே என்ன இருக்கு?

* 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பாலியல் புகார்களுக்கான உள் குழு கட்டாயம் (2013 சட்டம்). தலைவர் ஒரு பெண், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியாள் ஒருவர். கான்ட்ராக்ட் தொழிலாளரும் புகார் கொடுக்கலாம். குழுவே அமைக்காவிட்டால் ரூ.50,000 வரை அபராதம்.
* பேறுகால விடுப்பு 26 வாரம், முதல் இரண்டு குழந்தைகளுக்கு. 50 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால் குழந்தைகள் காப்பகம்.
* 20 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள தனியார் நிறுவனம், மாற்றுத்திறனாளிகளுக்கான சமவாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும்.
* 2019 சட்டப்படி, திருநர்களிடம் வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது. புகார் கேட்க ஓர் அதிகாரி இருக்க வேண்டும்.
* கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை, 2021 முதல் தமிழ்நாட்டில் சட்ட உரிமை. பெரம்பலூர் கடைவீதி ஜவுளிக்கடைக்கும் இது பொருந்தும்.

காலணி ஆலைக்குள் காலனி வேண்டாம்

பட்டியலில் ஒன்று மட்டும் இல்லை. சாதி.

பெரம்பலூர் மாவட்ட மக்களில் 31 சதவீதம் பேர் பட்டியல் சாதியினர். அரியலூரில் 23 சதவீதம் (2011). ஊரும் காலனியும் தனித்தனியாக இருக்கும் கிராமங்களில் இருந்து வரும் பெண்கள், ஒரே பெல்ட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஷூ தைக்கப் போகிறார்கள். இது நிஜமாகவே புது விஷயம். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் யார் யாரோடு உட்கார்கிறார்கள், "நீ எந்தத் தெரு?" என்ற கேள்வி எப்படி வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

'காலனி' என்ற சொல் வசைச் சொல்லாகிவிட்டது என்பதால் அரசு ஆவணங்களில் இருந்து நீக்கப்படும் என 2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில் முதல்வர் அறிவித்தார். ஆவணத்தில் இருந்து எடுத்துவிடலாம். கேன்டீனில் இருந்து எடுப்பது யார்? பாலியல் புகாருக்கு உள் குழு கட்டாயம். சாதிப் புகாருக்குத் தனியார் நிறுவனத்தில் அப்படி ஒரு குழு கட்டாயமில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது; ஆனால் வேலையை நம்பி இருக்கும் 20 வயதுப் பெண், முதல் நாளே போலீஸ் ஸ்டேஷன் வாசலுக்குப் போவாரா?

"இதுக்கெல்லாம் செலவாகுமே?"

ஆகும். பஸ்ஸுக்கும் காப்பகத்துக்கும் பணம் வேண்டும். ஆனால் ஒருவருக்கு வேலை கற்றுக்கொடுத்து, கை பழகி வேகம் வரும் நேரத்தில் அவர் கல்யாணம், குழந்தை என்று நின்றுவிட்டால், அடுத்தவருக்கு முதலிலிருந்து சொல்லிக்கொடுக்கணும். அதுவும் செலவுதான். கணக்குப் புத்தகத்தில் தனி வரியாக எழுதுவதில்லை, அவ்வளவே.

அரசும் கைகட்டி நிற்க முடியாது. வெளியூரிலிருந்து வரும் பெண்களுக்கு பெரம்பலூரில் 'தோழி' விடுதி இருப்பது நல்ல தொடக்கம். அடுத்த படி, பணம் கொடுக்கும் இடத்தில் கேள்வி கேட்பது. 2022ல் வந்த காலணி, தோல் பொருட்கள் கொள்கையின் கீழ் நிறுவனங்களுக்குச் சலுகைகள் கிடைக்கின்றன. அந்தச் சலுகையோடு ஒரு நிபந்தனையும் சேரட்டும்: ஆண்டுக்கு ஒரு முறை, எத்தனை பெண்கள், பட்டியல் சாதியினர், மாற்றுத்திறனாளிகள், திருநர்கள் வேலைக்கு வந்தார்கள், எத்தனை பேர் பதவி உயர்வு பெற்றார்கள், எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள் என்று வெளியிட வேண்டும். உள் குழுவின் வரம்பில் சாதிப் புகாரையும் சேர்க்கலாம். அதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, நிறுவனமே முடிவெடுக்கலாம்.

ஓர் ஆலையின் பழக்கவழக்கம் முதல் சில ஆண்டுகளில் கெட்டியாகிவிடும். பிறகு மாற்றுவது கஷ்டம். எறையூரிலும் ஜெயங்கொண்டத்திலும் அந்த முதல் ஆண்டுகள் இப்போதுதான் ஓடிக்கொண்டிருக்கின்றன.