சவ்வூடு பரவல்: ஒரு சொல்லும் பாலாற்று உப்பும்

'ஆஸ்மாசிஸ்' என்பதற்கு நம் பாடநூல்கள் தரும் சொல் 'சவ்வூடு பரவல்'. ஈழத்துப் பாடநூல்களில் அது 'பிரசாரணம்'. முன்னது தமிழ் என்பதற்காகவே கலைச்சொல் ஆர்வலர்கள் அதைக் கொண்டாடுவார்கள். எனக்கும் அது பிடிக்கும், 'சவ்வு' அதில் இருப்பதால். குறை 'பரவல்' என்பதில்தான். கேட்பவர் உப்புதான் பரவுகிறது என்று எண்ணிவிடுவார். நகர்வதோ நீர். உப்பைத் தடுத்து நீரை மட்டும் விடும் சவ்வின் வழியே, உப்பு குறைந்த பக்கத்திலிருந்து மிகுந்த பக்கத்துக்கு அது செல்கிறது. மூலமான கிரேக்கச் சொல்லுக்குத் 'தள்ளுதல்' என்று பொருள். அந்த விசை தமிழ்ச் சொல்லில் இல்லை.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் இதை விளக்கப் பாடநூலே வேண்டாம். உரித்த தோல் அழுகாதிருக்க உப்பைத் தடவி அடுக்குகிறார்கள். தோலின் எடையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு உப்பு. உப்பிட்ட மாங்காய்த் துண்டு நீர் விடுவதுபோலத் தோலும் நீர் விடுகிறது. ஆலைக்கு வந்ததும் முதல் வேலை, அதை ஊறவைத்து அந்த உப்பைக் கழுவுவது. கழுவிய நீர் பல்லாண்டுகள் பாலாற்றுக்கும் வயலுக்கும் போயிற்று. கிணறுகள் உவர்த்தன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாடு இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் அறிவித்தது. சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் தீர்ப்பு அது. ஆனாலும் 2025 ஜனவரி 30 அன்று, இதே வட்டாரத் தோல் ஆலைகளால் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்க அதே நீதிமன்றம் மறுபடியும் ஆணையிட வேண்டியிருந்தது.

இடையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 'ஆர்.ஓ.' வந்தது. இது மேற்சொன்ன இயல்பை அழுத்தத்தால் திருப்புவது: உப்பு நீரை நெருக்கினால் நல்ல நீர் சவ்வைக் கடந்து வெளியேறும். உப்பு எங்கும் மறைவதில்லை. மிஞ்சிய நீரில் செறிந்து, அதைக் காய்ச்சியபின் எவருக்கும் வேண்டாத கலப்பு உப்பாகக் குவிகிறது. கேன் வாங்கும் நமக்கோ 'ஆர்.ஓ.' என்றால் சுத்தம், அவ்வளவே. 'எதிர் சவ்வூடு பரவல்' என்ற மொழிபெயர்ப்பும் உதவாது. எதற்கு எதிர், யார் தள்ளுகிறார்கள் என்பது அதில் தெரிவதில்லை.

'சவ்வுப் பிழிவு' என்று சொல்லிப் பார்க்கலாம் என்பது என் கட்சி. கரும்பைப் பிழிந்தால் சக்கை மிஞ்சும் என்று எல்லோருக்கும் தெரியும். இந்தப் பிழிவின் சக்கை எங்கே கிடக்கிறது என்ற கேள்வியும் உடனே எழும். மொழியறிந்தவர்கள் இதைவிட நல்ல சொல் தந்தால் மகிழ்ச்சியுடன் ஏற்பேன்.