புகைபோக்கியைக் காட்டித் தப்பிக்கும் தீக்குச்சி

அரியலூரில் காற்று மாசு என்று பேச்செடுத்தால் கை தானாகவே சிமெண்ட் ஆலைப் பக்கம் நீளும். ரெட்டிப்பாளையம், கோவிந்தபுரம், கீழப்பழுவூர், தளவாய் என்று ஆலை இருக்கும் ஊர்களை அடுக்குவார்கள். சுண்ணாம்புக்கல் லாரி கிளப்பும் புழுதியைச் சொல்வார்கள். பக்கத்துப் பெரம்பலூரில் கேட்டால், “இங்க ஏதுங்க மாசு? மக்காச்சோளமும் பருத்தியும் வெளையற ஊரு” என்பார்கள். இரண்டு பதிலுக்கும் அடியில் கிடப்பது ஒரே நம்பிக்கைதான்: காற்றைக் கெடுப்பது பெரிய புகைபோக்கி; நாம் தெருமுனையில் கொளுத்துவது வெறும் குப்பை, எரிந்தால் ஒழிந்தது.

இது பொய். அதிலும் எல்லோருக்கும் வசதியான பொய். வீட்டுக்காரருக்குக் குப்பையைப் பிரிக்கும் வேலை மிச்சம். நகராட்சிக்கு வண்டிச் செலவு மிச்சம். ஊராட்சிக்குக் கிடங்கு தேடும் தொல்லை மிச்சம். இத்தனை பேருக்கு மிச்சம் தரும் பொய் அவ்வளவு எளிதில் சாகாது.

‘ஒழிந்தது’ என்பதையே முதலில் எடுத்துக்கொள்வோம். ஒரு கூடைக் குப்பை எரிந்து ஒரு பிடிச் சாம்பலாகிறது. மிச்சமெல்லாம் எங்கே போயிற்று? காற்றில் கலந்தது, அதை நாம்தான் மூச்சில் வாங்குகிறோம். தலைமயிரின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத நுண்துகள் நுரையீரலின் கடைசி அறைவரை இறங்கி, அங்கிருந்து இரத்தத்திலும் கலக்கும். ஆண்டுச் சராசரியில் ஒரு கன மீட்டர் காற்றில் இந்தத் துகள் 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2021-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. நம் நாட்டில் 2009-இல் வகுத்த வரம்பு 40. அந்தத் தாராளமான வரம்பைக் காட்டித்தான் ‘நம்ம ஊர்க் காற்று நல்ல காற்று’ என்று நிம்மதி அடைகிறோம்.

“எங்க தாத்தா காலத்துலேயே எரிச்சாங்களே” என்பவர்கள் தாத்தா காலத்துக் குப்பையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அன்று வைக்கோலும் சாணியும் சருகும் எருக்குழிக்குப் போயின, எரித்தது கொஞ்சம். இன்றைய குவியலில் பால் பாக்கெட், ஷாம்பு சாஷே, பார்சல் கவர், தெர்மாகோல், குழந்தை நாப்கின், அறுந்த ஒயர் எல்லாம் கிடக்கின்றன. ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருந்தும் அவையும் அங்கேதான் கிடக்கின்றன. கொசு போகட்டும் என்று வேப்பிலையோடு இதையும் சேர்த்து மூட்டம் போடுகிறோம். பி.வி.சி. போன்ற குளோரின் கலந்த பொருள் அரைகுறைச் சூட்டில் கனன்றால் டையாக்சின் என்ற நச்சு பிறக்கும். அது பெரிதும் உருவாவது 200 முதல் 450 டிகிரி வெப்பத்தில். தெருக்குப்பை புகைந்து புகைந்து எரிவது இந்தச் சூட்டின் வழியாகத்தான். டையாக்சின் கொழுப்பில் தங்கும். சாம்பலைக் கிளறும் கோழியின் முட்டையிலும், புகை படிந்த புல்லை மேயும் மாட்டின் பாலிலும் ஏறும். மனித உடலில் அதன் அளவு பாதியாகக் குறையவே 7 முதல் 11 ஆண்டுகள் ஆகும்.

ஆலைப் புகையைவிட இது அளவில் சின்னதுதானே என்று கேட்கலாம். சின்னதுதான், ஆனால் கிட்டத்தில் இருக்கிறது. ஆலையின் புகை உயரத்தில் வெளியேறிப் பரவுகிறது. நம் புகை மூக்கு மட்டத்தில் பிறக்கிறது. மார்கழி விடியலில் தரை குளிர்ந்து கிடக்கும்போது மேலே எழ முடியாமல் தெருவிலேயே படுத்துக்கிடக்கிறது. ஆலைப் புகைபோக்கியில் கருவி பொருத்தியிருக்கிறார்கள்; அளவு உடனுக்குடன் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போகிறது. நம் குவியலுக்குக் கருவி ஏது? காற்றுத் தரக் குறியீட்டுக்கு நுண்துகளை 24 மணி நேரச் சராசரியில்தான் கணக்கிடுகிறார்கள். காலை ஆறு மணிக்கு ஒரு தெரு அரைமணி நேரம் விழுங்கிய புகை, எங்கோ ஒரு நிலையத்தின் நாள் சராசரியில் தடமில்லாமல் கரைந்துவிடும். குறியீட்டுப் பலகையில் பச்சை நிறம் தெரிவதாலேயே அந்தத் தெருவில் இருமும் குழந்தைக்கு ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது.

இதைச் சொன்னால் ஆலைக்கு வக்காலத்து வாங்குவதாகச் சிலர் பாய்வார்கள். ஆலைப் புழுதியும் லாரிப் புழுதியும் உண்மை. அவற்றைக் கேட்கும் குரல் இன்னும் உரக்க ஒலிக்கட்டும். ஆனால் ஆலையைக் கேட்க வாரியம் வேண்டும், வழக்கு வேண்டும், ஆண்டுகள் வேண்டும். தெருக்குப்பைத் தீயை நிறுத்த நகராட்சி ஆணையரும் ஊராட்சி நிர்வாகமும் மனம் வைத்தால் போதும்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் தெருவிலும் பொது இடத்திலும் குப்பையை எரிப்பதைத் தடுத்தன. துணைவிதி வகுக்கும் பொறுப்பை உள்ளாட்சிகளிடம் கொடுத்தன. அதே ஆண்டு டிசம்பர் 22 அன்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம், குப்பைக் கிடங்கு உட்பட எங்கும் திறந்தவெளியில் எரிக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம், மொத்தமாக எரித்தால் 25,000. சிக்கல் என்னவென்றால், அபராதம் விதிக்க வேண்டிய உள்ளாட்சியின் குப்பைதான் பல ஊர்களில் மொத்தமாக எரிகிறது. ஏரிக்கரையிலும் சாலையோரத்திலும் கொட்டிய குவியலுக்குத் தீ வைப்பது யார் என்று ஊருக்கே தெரியும். பழியைத் தூய்மைக் காவலர் தலையில் போடுவது அநியாயம். வண்டி இல்லை, கொண்டுபோய்க் கொட்ட இடமில்லை, ‘சாயங்காலத்துக்குள்ள தெரு சுத்தமா இருக்கணும்’ என்ற உத்தரவு மட்டும் உண்டு என்றால், அவர் கையில் தீப்பெட்டியைத் திணித்தது நிர்வாகம்தான்.

உள்ளாட்சி கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கொச்சி சாட்சி. பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் 2023 மார்ச் 2 அன்று பிடித்த தீ ஏறத்தாழ பன்னிரண்டு நாள் நகரத்தைப் புகையில் மூழ்கடித்தது. மாநகராட்சிக்குத் தீர்ப்பாயம் விதித்த இழப்பீடு 100 கோடி ரூபாய்.

“ஆலை சூளையில பிளாஸ்டிக்கைப் போட்டு எரிக்கலாம், நான் எரிக்கக் கூடாதா?” என்பது அரியலூர்க்காரரின் நியாயமான கேள்வி. சிமெண்ட் சூளையில் மூலப்பொருள் 1,450 டிகிரி வரை வேகிறது. சுடர் 2,000 டிகிரியைத் தொடும். வாயு அந்தச் சூட்டிலேயே சில நொடி தங்கி வெளியேறும். முற்றத்துத் தீக்கு அந்தச் சூடும் இல்லை, வடிகட்டியும் இல்லை. குப்பையிலிருந்து எரிபொருள் தயாரிக்கும் நிலையத்துக்கு 100 கிலோமீட்டருக்குள் உள்ள ஆலைகள் தம் எரிபொருளில் குறைந்தது 5 சதவீதத்துக்கு அதைப் பயன்படுத்த வேண்டும் என்று அந்த 2016 விதிகளே சொல்லின. நாட்டில் பல ஊர்களுக்குக் கிட்டாத வாய்ப்பு இந்த மாவட்டத்தின் வாசலிலேயே நிற்கிறது. ஆனால் சூளைக்குப் போகும் பிளாஸ்டிக் பிரித்ததாகவும் காய்ந்ததாகவும் இருக்க வேண்டும், பி.வி.சி. அதில் கலக்கக் கூடாது. புகை அளவை ஆலை ஊர் பார்க்க வெளியிட வேண்டும்.

வயலில் எரிப்பதற்கு விவசாயி சொல்லும் காரணத்தையும் கேட்போம். அறுவடை முடிந்த பருத்திமாரை வயலில் விட்டால் இளஞ்சிவப்புக் காய்ப்புழு அடுத்த போகத்துக்குத் தாவும். அந்தப் பயம் நியாயமானது. அதற்காகக் கொளுத்தத்தான் வேண்டும் என்பதில்லை. பொடியாக்கி மட்கவிட்டாலும் புழு தங்க இடமிருக்காது. பொடியாக்கும் எந்திரத்தைக் குறைந்த வாடகைக்குக் கிராமத்துக்குக் கொண்டுவராமல், தீ வைத்தவருக்கு மட்டும் அபராதச் சீட்டு நீட்டுவது வேளாண்மைத் துறைக்கு அழகல்ல.

கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்வி எழட்டும். நம் ஊர்க் குப்பை தினமும் எங்கே போகிறது? மட்காத குப்பையை எடுத்துச் செல்ல எந்த ஆலையோடு, எந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருக்கிறது? எரித்ததற்காக இதுவரை யாரிடம் எவ்வளவு அபராதம் வசூலானது? பதில் வரும்வரை தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வேண்டாம். அதே கூட்டத்தில், இனி எங்கள் வீட்டில் பிரித்துத்தான் கொடுப்போம் என்று ஒவ்வொரு வீடும் ஒப்புக்கொள்ளட்டும். தன் தீக்குச்சியைக் கீழே வைத்த ஊர் ஆலையின் புகைபோக்கியைக் கேள்வி கேட்டால், அதற்கு ஆலையும் அதிகாரியும் பதில் சொல்லியே ஆக வேண்டும்.