எங்கட பஸ்சுக்கு எழுத்து யார் போடுறது?

லண்டனில ஓடி முடிஞ்ச ஆர்டி ரக மாடி பஸ்கள் நூற்றுக்கணக்கில் இலங்கைக்கு வந்து, இ.போ.ச. பஸ்களாக ஓடியிருக்கின்றன. அதே பஸ்சை 76இல் ஒரு பங்கு அளவில் செய்த மாதிரிகள் இன்றைக்கும் விற்பனைக்குக் கிடைக்கும். நான் பார்த்த பெட்டி எல்லாத்திலயும் லண்டன் எழுத்துத்தான். பஸ் எங்கடதும்தான், எழுத்து மட்டும் எங்கட இல்லை. 'மன்னார் – வவுனியா, முருங்கன் ஊடாக' என்ற பலகையை எந்தக் கொம்பனியும் அச்சடிச்சுத் தரப்போறதில்லை. நாங்களே போடவேணும்.

இந்த எழுத்துக்கு டெக்கல் என்று பெயர். சாதாரண ஸ்டிக்கர் சரிவராது, அதன் விளிம்பு தடிப்பாத் தெரியும். டெக்கல் தாளில் பசைபூசிய காகிதத்துக்கு மேல மெல்லிய படலம் ஒன்று இருக்கும். அதில அச்சடிச்சு, வெட்டி, தண்ணியில ஊறவிட்டால் படலம் மட்டும் வழுக்கி வரும். இங்க்ஜெட் என்றால் அச்சடிச்ச மை காய்ஞ்ச பிறகு தெளிந்த வார்னிஷ் அடிக்கவேணும், இல்லாட்டி மை தண்ணியோட போயிடும். ஒட்டுற இடம் பளபளப்பா இருக்கவேணும். சொரசொரப்பா இருந்தால் கீழே காற்று சிக்கி வெள்ளி மாதிரி மினுங்கும். வீட்டுப் பிரிண்டருக்கு வெள்ளை நிறமும் அடிக்கத் தெரியாது. கறுப்பில் வெள்ளை எழுத்து வேணுமென்றால், வெள்ளை டெக்கல் தாளில் எழுத்தைச் சுற்றிக் கறுப்பை அடிச்சு, எழுத்தை வெறுமையா விடுறதுதான் வழி.

தமிழுக்கு இன்னும் ரெண்டு தலையிடி. நிஜத்தில் ஒரு அடி உயரமான எழுத்து இந்த அளவில் 4 மில்லிமீட்டர். அதில் 'முருங்கன்' என்று எழுதினால் இரண்டு புள்ளியும் தூசி மாதிரி ஆகிடும். புள்ளி போனால் ஊரின் பெயரே போச்சு. அதனால மெல்லிய எழுத்துருவை விட்டுட்டு, புள்ளி பெரிசா இருக்கிறதைத் தேடவேணும். மற்றது, யூனிகோடில அடிச்சதை அச்சகத்துப் பழைய மென்பொருளில திறந்தால் கொம்பு எழுத்துக்குப் பின்னால போய் நிற்கும். பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோறது நல்லது.

இதுவரைக்கும் கைவேலை. என்ன எழுத்து போடுறது என்றதுதான் பெரிய கேள்வி.

1957 ஜனவரியில் இருந்து வாகன இலக்கத் தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வந்தது. 1958இல் அரசுடைமையான பஸ்கள் அந்தத் தகட்டோட வடக்கு கிழக்குக்கு வந்தபோது, அதுக்குத் தார் பூசித் தமிழ் 'ஸ்ரீ' எழுதினார்கள். பதிலுக்குத் தெற்கில தமிழ்ப் பெயர்ப்பலகைகளுக்குத் தார் விழுந்தது. இப்ப 1958 பஸ் ஒன்றைச் செய்யிறவர் தகட்டில் என்ன போடுவார்? மும்மொழியும் அழகா அடுக்கின இன்றைய பலகையையா?

"சும்மா விளையாட்டுச் சாமான், இதில ஏன் அரசியல்" என்று கேட்பினம். ஆணி எண்ணிக்கை பிழைச்சால் சண்டைக்கு வாற அதே ஆட்கள்தான் இதையும் கேட்பினம். ஆணி முக்கியம் என்றால் எழுத்தும் முக்கியம். ஒரு சமூகம் மறியலுக்குப் போன எழுத்தை, பார்க்க வடிவில்லை என்று துடைச்சு விடுறதை என்னால சரியென்று சொல்ல ஏலாது. தமிழ் 'ஸ்ரீ'யை மட்டும் துப்புரவா அச்சடிச்சு ஒட்டுறதும் பொய்தான். அந்தத் தகட்டில் அடியில் சிங்கள எழுத்து இருந்தது.

என்ர யோசனை இது. முதல்ல சிங்கள 'ஸ்ரீ' உள்ள டெக்கலை ஒழுங்கா ஒட்டி, வார்னிஷ் அடிச்சுக் காயவிடுங்கோ. அதுக்கு மேல கொஞ்சம் தடிப்பாக் கறுப்பு மை பூசுங்கோ, ஓரத்தில் கீழ் எழுத்தின் வளைவு கொஞ்சம் எட்டிப் பார்க்கட்டும். கடைசியில் தமிழ் 'ஸ்ரீ'. அதை மட்டும் பிரிண்டரில அடிக்கவேண்டாம். மிக மெல்லிய தூரிகையால, கையாலேயே எழுதுங்கோ. கோணலா வந்தாலும் பரவாயில்லை.