பெட்டியில் வரும் மாத்திரை அட்டை

சென்ற மாதம் ஊருக்குப் போய்த் திரும்பிய நண்பர் ஒருவர் வீட்டுக்குச் சென்றிருந்தோம். பெட்டியைத் திறந்ததும் முறுக்கு, வடகம், சாம்பார்ப் பொடி என்று வந்த வரிசையில் ஒரு பிளாஸ்டிக் பையும் வந்தது. உள்ளே நான்கு அட்டை சிப்ரோஃப்ளாக்ஸசின், இரண்டு அட்டை அமாக்சிசிலின். "இங்கே ஜி.பி. லேசில் எழுதித் தரமாட்டார் அண்ணா, ஆத்திர அவசரத்துக்கு இருக்கட்டும்" என்றார். அவரைக் கண்டிக்க எனக்கு வாய் வரவில்லை. பத்து வருடத்துக்கு முன் என் வீட்டு அலமாரியிலும் இதே பை இருந்தது.

அதனால் இந்த இதழில் கார்த்திகேயன் குமாரசாமி என்ற நுண்ணுயிரியல் ஆய்வாளரைப் பற்றி எழுதத் தோன்றியது. நம்மில் பலர் கேள்விப்பட்டிராத பெயர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் ஆராய்ச்சி செய்தவர். லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் 2010 ஆகஸ்டில் வெளிவந்து பெரும் பரபரப்பை உண்டாக்கிய கட்டுரையில் முதல் பெயர் இவருடையதுதான். கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் திமோதி வால்ஷ் உள்ளிட்ட பலர் உடன் உழைத்தார்கள்.

கதை சுவீடனில் தொடங்குகிறது. டெல்லியில் மருத்துவமனையில் இருந்துவிட்டுத் திரும்பிய ஒருவரின் சிறுநீரில் 2008-ல் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா கிடைத்தது. மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகு டாக்டர்கள் ஊசி வழியாகக் கொடுக்கும் கார்பபெனம் வகை மருந்தையே அது உடைத்துப் போட்டது. அப்படி உடைக்கும் என்சைமுக்கு என்.டி.எம்-1 என்று பெயர் வைத்தார்கள். முதல் இரண்டு எழுத்தும் நியூ டெல்லி! குமாரசாமியும் குழுவினரும் தேடியபோது இதை உடைய பாக்டீரியா சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 அகப்பட்டன. பிரிட்டனில் அவை 29 நோயாளிகளிடமிருந்து வந்தவை. அவர்களில் குறைந்தது 17 பேர் அதற்கு முந்தைய ஓராண்டுக்குள் இந்தியாவுக்கோ பாகிஸ்தானுக்கோ போய் வந்தவர்கள். 14 பேர் அங்கே மருத்துவமனையில் படுத்தவர்கள். யார் என்று யோசித்துப் பாருங்கள். நம்மைப் போன்றவர்கள்தானே?

இந்தத் திறமை பாக்டீரியாவின் வம்சத்துக்குள் மட்டும் நிற்பதில்லை என்பதுதான் விபரீதம். பிளாஸ்மிட் என்ற சிறு மரபணு வளையத்தில் அது இருப்பதால், ஒரு வகை பாக்டீரியா வேறு வகைக்கும் அதைக் கைமாற்றிவிடும். சளிக்காக நாம் தேவையின்றி ஒரு ஆன்டிபயாடிக் விழுங்கினால் சளிக்கு ஒன்றும் ஆகாது, அது வைரஸ். வயிற்றில் உள்ள சாதுவான பாக்டீரியா செத்து, மருந்துக்கு அசையாதவற்றுக்கு இடம் காலியாகும். பிறகு அவை நம் கழிவோடு வெளியேறும். 2010-ல் வால்ஷ் குழு டெல்லியில் எடுத்த 50 குழாய்த் தண்ணீர் மாதிரிகளில் 2-லும், தேங்கிய நீர் மாதிரிகள் 171-ல் 51-லும் இந்த மரபணு இருந்தது.

அன்று இந்தியாவில் எழுந்த கோபம் இதைப் பற்றியதாக இல்லை. ஊர்ப் பெயரை வைத்தது தப்பு, மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கும் சதி என்றார்கள். பெயர் விஷயத்தில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் பெயரோடு மல்லுக்கட்டிய நேரத்தில் மருந்துக்கடையைக் கவனித்திருக்கலாம். 2012-ல் இந்திய மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடிச் 'சென்னைப் பிரகடனம்' கொண்டுவந்ததும், 2014-ல் சில ஆன்டிபயாடிக்குகளை விற்றால் பதிவேட்டில் எழுதவேண்டும் என்ற விதி அமலுக்கு வந்ததும் நல்ல காரியங்கள். என் நண்பர் வாங்கிய இரண்டும் சட்டப்படி டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதவையே. கடைக்காரர் கேட்கவில்லை, இவரும் காட்டவில்லை.

இங்கே மருத்துவமனையில் சேரும்போது, கடந்த ஒரு வருடத்தில் வெளிநாட்டில் மருத்துவமனையில் தங்கினீர்களா என்று கேட்பதுண்டு. நம் ஆட்கள் சிலர் இதை அவமானமாக எடுத்துக்கொண்டு "இல்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். தயவுசெய்து உள்ளதைச் சொல்லுங்கள். தனி அறை கொடுத்துப் பரிசோதிப்பது பக்கத்துப் படுக்கைக்காரருக்காக. நாளைக்கு அந்தப் பக்கத்துப் படுக்கையில் நாமும் இருக்கலாம்.

மீந்த மாத்திரையை மருந்துக்கடையில் திருப்பிக் கொடுக்கலாம், காசு வாங்கமாட்டார்கள். நண்பரிடம் இதைச் சொன்னேன். மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தாராம். ஐந்து அட்டைதான் கொடுத்தார், ஒன்று இன்னும் மசாலா டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது என்று அவர் மனைவி என் மனைவியிடம் போனில் சொல்லியிருக்கிறார்.