பெரிய பூனையும் புதுக்குட்டியும்... சேர்த்து வளர்க்க முடியுமா?

கேள்வி: நெல் மூட்டைகளுக்குக் காவலாக எட்டு வயதுப் பூனை இருக்கிறது. புதிதாக வந்த 2 மாதக் குட்டியைக் கண்டாலே சீறிப் பாய்கிறது. என்ன செய்வது?

பதில்: அவசரப்பட்டுச் சேர்த்துவிட்டால், பெரிய பூனை வீட்டைவிட்டே போய்விடலாம், அப்புறம் மூட்டைகளில் எலிகளின் ராஜ்ஜியம்தான். முதல் 10 நாள்கள் குட்டியைத் தனி அறையில் வையுங்கள். நோய் இருந்தால் பெரும்பாலும் அதற்குள் தெரிந்துவிடும். இரண்டும் படுக்கும் சாக்குகளைத் தினமும் மாற்றிப் போடுங்கள். பூனைகள் முதலில் பழகுவது வாசனையால்தான். பிறகு கதவிடுக்கில் பார்க்கவிட்டு, தினமும் சில நிமிடங்கள் பக்கத்தில் இருந்து சேர்த்துவிடுங்கள். தீனித் தட்டுகள் தள்ளித் தள்ளி இருக்கட்டும். பெரியதற்கே முதலில் வையுங்கள். சீறினால் அடிக்க வேண்டாம். தடுப்பூசிகளுக்குக் கால்நடை மருத்துவரைப் பாருங்கள். எலி மருந்து மட்டும் வைக்காதீர்கள். மருந்து தின்ற எலியைப் பிடித்துத் தின்றால் இரண்டின் உயிருக்கும் ஆபத்து.