விளையாட்டு மேலாண்மை ஆய்வேடு: களத்தை அருகில் தேடுவோம்

விளையாட்டு மேலாண்மையில் முதுநிலைப் பட்டம் பயில்வோர் பலருக்கு இறுதிப் பருவத்தில் நேரும் இடர் ஒன்றுதான்: ஆய்வேடு தொடங்கிவிடுகிறது, தரவு வந்து சேர்வதில்லை. மாணவரின் சோம்பலையோ நெறியாளரின் பணிச்சுமையையோ இதற்குக் காரணம் காட்டுவது வழக்கம். ஆனால் பெரும்பாலும் அந்த இடர், தலைப்பைத் தேர்ந்தெடுத்த நாளிலேயே உருவாகிவிடுகிறது. மும்பையிலும் அதன் புறநகர்களிலும் இத்துறையில் பயில்வோர் தம் ஆய்வுக்களத்தைத் தொலைக்காட்சித் திரையில் தேடாமல், நடந்து சென்று அடையக்கூடிய மைதானத்தில் தேடினால், ஆய்வேடு உரிய காலத்தில் முடியும். முடிந்தபின் அதனால் பயனடைவோரும் இருப்பார்கள்.

இன்றைய மாணவரின் கண் முதலில் ஐ.பி.எல். மீது விழுவதில் வியப்பில்லை. 2008இல் தொடங்கிய அப்போட்டியின் 2023 முதல் 2027 வரையிலான ஒளிபரப்பு உரிமை மட்டும் 48,390 கோடி ரூபாய்க்கு விற்பனையானது. இத்தனை பெரிய தொழிலை ஆராய விரும்புவது தவறன்று. ஆனால் நுழைவுச்சீட்டு விற்பனைக் கணக்கு, விளம்பர ஒப்பந்தம், ரசிகர் பற்றிய தரவு ஆகிய அனைத்தும் அணி உரிமையாளர்களின் வணிக இரகசியங்கள். ஒரு முதுநிலை மாணவரின் மின்னஞ்சலுக்கு அவை திறந்துகொள்வது அரிது. இரண்டு மாதம் காத்திருந்தபின் தலைப்பு மெல்ல மாறுகிறது. ‘ரசிகர்களின் அணிப்பற்று’ என்ற பெயரில் ஒரு கூகுள் படிவம் நண்பர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. இருநூறு விடைகள் வந்தால், அவை ஏறத்தாழ ஒரே வயதினருடையவை. ஒரே கல்லூரிச் சூழலிலிருந்து வந்தவை. அவற்றைக் கொண்டு ‘இந்திய ரசிகர்’ பற்றி முடிவுரை எழுதப்படுகிறது.

இந்தக் குறையைத் தடுக்க நம்மிடம் உள்ள கருவிகள் போதா. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் நடவடிக்கைக்கு வழிசெய்கின்றன. ஒப்புமையைக் கண்டறியும் மென்பொருள் பிறரிடமிருந்து எடுத்த வாக்கியத்தைக் காட்டிக்கொடுக்கும். எவரையும் பிரதிநிதித்துவப்படுத்தாத மாதிரியைக் காட்டிக்கொடுக்காது. அதைக் கேட்க வேண்டியவர்கள் நெறியாளரும் வாய்மொழித் தேர்வாளருமே.

இத்துறையின் வரலாறு வேறொரு வழியைக் காட்டுகிறது. விளையாட்டு மேலாண்மைக்கெனத் தனி முதுநிலைப் படிப்பு 1966இல் அமெரிக்காவின் ஒஹையோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. பின்னர் அத்துறைக்குக் கோட்பாட்டு அடித்தளம் அமைத்தவர்களுள் ஒருவர் பாக்கியநாதன் செல்லதுரை. 1920இல் நிறுவப்பட்ட சென்னை ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியிலிருந்து கனடா சென்று மேலாண்மை அறிவியல் பயின்றவர் அவர். பயிற்றுநரின் நடத்தை எத்தகையது என்ற ஒற்றைக் கேள்வியை அவர் பற்றிக்கொண்டார். சாலே என்பவருடன் இணைந்து 1980இல் வெளியிட்ட அவரது தலைமைத்துவ அளவுகோல் 40 கூற்றுகளையும் ஐந்து பரிமாணங்களையும் கொண்டது: பயிற்சியும் அறிவுறுத்தலும், சனநாயக நடத்தை, அதிகார நடத்தை, சமூக ஆதரவு, பாராட்டு. வீரர் எத்தகைய தலைமையை விரும்புகிறார், எத்தகைய தலைமையை உணர்கிறார், பயிற்றுநர் தம்மை எவ்வாறு காண்கிறார் என மூன்று நிலைகளில் அதைப் பயன்படுத்தலாம். கேள்வி குறுகியது; விடை சொல்லக்கூடியவர்கள் ஆய்வாளர் அணுகக்கூடிய தொலைவில் இருந்தனர். அதன் பயன் உலகெங்கும் பரவியது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. அந்த அளவுகோல் கனடாவின் மாணவர்களையும் வீரர்களையும் கொண்டு உருவானது. தாராவியில் தமிழும் இந்தியும் கலந்து பேசும் கபடிச் சிறுவனிடம் அதை ஆங்கிலத்திலேயே நீட்டுவது ஆய்வாகாது. ஒருவர் தமிழாக்கம் செய்ய, மூலத்தைப் பாராத மற்றொருவர் அதை மீண்டும் ஆங்கிலமாக்கி, இரண்டையும் ஒப்பிட வேண்டும். ‘அண்ணன்’ என்றோ ‘சார்’ என்றோ அழைக்கப்படும் பயிற்றுநரிடம் ‘சனநாயக நடத்தை’ என்ன பொருள் பெறுகிறது என்பதே ஓர் ஆய்வேட்டுக்குப் போதுமான கேள்வி.

இனி உல்லாஸ்நகரை எடுத்துக்கொள்வோம். கல்யாண் அருகே இருந்த போர்க்கால இராணுவ முகாமில், பிரிவினையின்போது சிந்துவிலிருந்து வந்த அகதிகள் குடியமர்த்தப்பட்டனர். 1949இல் அன்றைய தலைமை ஆளுநர் இராஜாஜி அதற்கு அடிக்கல் நாட்டி நகராக்கினார். இன்றும் முகவரிகளில் ‘கேம்ப் 1’ முதல் ‘கேம்ப் 5’ வரை என்ற பெயர்களே வழங்குகின்றன. சுமார் 13 சதுர கிலோமீட்டர் பரப்பில் 2011 கணக்கெடுப்பின்படி 5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர். இத்தகைய நெரிசலில் ஒரு திறந்தவெளியை யார், எந்த நேரத்தில், யாருடைய அனுமதியோடு பயன்படுத்துகிறார்கள் என்பது முழுமையான மேலாண்மைக் கேள்வி. காலையில் நடைப்பயிற்சி செய்யும் முதியவர், மாலையில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆடும் இளைஞர், பண்டிகை நாளில் பந்தல் போடும் குழுவினர் ஆகிய அனைவருக்கும் ஒரே நிலம். சிறுமியர் அங்கு எப்போது விளையாடுகிறார்கள்? விளையாடவில்லையெனில் ஏன்? இவற்றுக்கு எண்ணிப் பார்த்த விடை இல்லாதவரை, மாநகராட்சியின் முடிவுகள் உரத்துப் பேசுவோரின் விருப்பத்தையே சார்ந்திருக்கும்.

இதற்கான முறை கைக்கெட்டியதே. 2006இல் மெக்கென்சி குழுவினர் வெளியிட்ட ‘சோபார்க்’ என்னும் உற்றுநோக்கல் முறையில், குறித்த நேரங்களில் மைதானத்தைப் பகுதி பகுதியாகப் பார்வையிட்டு, அங்கிருப்போரைப் பால், வயதுப் பிரிவு, உடலியக்க அளவு ஆகியவற்றின்படி எண்ணுகிறார்கள். நாளுக்கு நான்கு நேரம், ஏழு நாள், இரண்டு மைதானம் எனத் திட்டமிட்டால் 56 உற்றுநோக்கல்கள். உல்லாஸ்நகரில் ஒரு மைதானமும் மாட்டுங்காவில் ஒரு மைதானமும் எடுத்தால், மத்திய ரயில் தடத்திலேயே ஒப்பாய்வு அமைந்துவிடும். அதனுடன் மைதானப் பராமரிப்பாளர், சங்கப் பொறுப்பாளர், பயிற்றுநர், விளையாடும் பெண்கள் எனப் பன்னிரண்டு பேரிடம் ஆழ்ந்த நேர்காணல் எடுக்கலாம்.

மூன்றாவது தரவு அலுவலகக் கோப்பு. மைதான வாடகை, குத்தகை நிபந்தனை, பராமரிப்புச் செலவு ஆகியவற்றை 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாநகராட்சியிடம் 10 ரூபாய்க் கட்டணத்தில் கோரலாம். மகாராஷ்டிர விதிகளின்படி ஒரு விண்ணப்பம் ஒரே பொருள் பற்றி 150 சொற்களுக்குள் இருக்க வேண்டும். விடைக்குச் சட்டம் தரும் காலம் 30 நாள். மேல்முறையீடு தேவைப்பட்டால் இன்னும் நீளும். எனவே முன்மொழிவை எழுதும் வாரத்திலேயே விண்ணப்பத்தையும் அனுப்ப வேண்டும். சூன் முதல் செப்டம்பர் வரை மழை மைதானங்களை மாற்றிவிடும் என்பதையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ள வேண்டும். 1948 முதல் மழைக்காலத்தில் நடைபெறும் காங்கா லீக் கிரிக்கெட்டை ஆராய்வோருக்கு மட்டும் அதுவே அறுவடைக் காலம்.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழும். முதலாவது, உள்ளூர் மைதானம் கோட்பாட்டுக்குப் போதாது என்பது. ஆசாத் மைதானத்தில் 22 ஆடுகளங்கள் உள்ளன. ஓர் ஆட்டத்தின் களக்காப்பாளர் அடுத்த ஆட்டத்தின் எல்லைக்குள் நிற்கிறார். ஆயினும் ஆட்டங்கள் நடக்கின்றன. பொதுவளத்தைப் பகிர்வோர் தமக்குள் விதிகளை எப்படி வகுத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் எலினார் ஆஸ்ட்ரோம் 1990இல் எழுதிய நூலின் கேள்வி. அவ்வகை ஆய்வுகளுக்காகவே 2009இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மும்பை மைதானத்தைவிடப் பொருத்தமான களம் அக்கேள்விக்கு எளிதில் கிடைக்காது.

இரண்டாவது மறுப்பு வேலை பற்றியது. அதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. கடன் வாங்கிப் படிக்கும் மாணவருக்கு ஆய்வேடு வேலைக்கான சான்றிதழும்கூட. ஆனால் அணி நிர்வாகமோ நிகழ்ச்சி நிறுவனமோ தேடுவது, கூட்டத்தை எண்ணவும் இடத்தை அட்டவணைப்படுத்தவும் அனுமதி பெறவும் தெரிந்தவரை. 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் ஏழாம் அட்டவணை விளையாட்டுப் பயிற்சியைச் சமூகப் பொறுப்புச் செலவினங்களுள் சேர்த்துள்ளது. அந்நிதியைச் செலவிடும் நிறுவனங்களுக்கும் களத்தை அறிந்தவர்கள் தேவை. இருநூறு கூகுள் படிவங்களைவிட 56 உற்றுநோக்கல்கள் நேர்முகத் தேர்வில் உறுதியாகப் பேசும்.

அருகிலுள்ள களம் என்பதாலேயே ஆய்வு நேர்மையாகிவிடாது. தான் வளர்ந்த தெருவை ஆராய்பவர், தனக்குத் தெரிந்தவர்களையே நேர்காணும் சரிவில் விழக்கூடும். சிறாரிடம் பேசுமுன் பெற்றோரின் இசைவு வேண்டும். மைதானத்தைக் கட்டுப்படுத்தும் உள்ளூர்ச் செல்வாக்கினரைப் பற்றி எழுதும்போது, தகவல் தந்தவரின் அடையாளம் காக்கப்பட வேண்டும். இவற்றைக் கற்பிப்பது துறையின் கடமை. தரவு கிடைக்க வழியில்லாத தலைப்பை முதல் மாதத்திலேயே மறுத்துவிடும் துணிவும் நெறியாளருக்கு வேண்டும்.

முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்குச் ‘சோத்கங்கா’ என்னும் பொதுக் களஞ்சியம் உண்டு. முதுநிலை ஆய்வேடுகளோ பெரும்பாலும் துறையின் அலமாரியோடு நின்றுவிடுகின்றன. ஒவ்வொரு ஆய்வேட்டுக்கும் எட்டுப் பக்கச் சுருக்கம் ஒன்றை மராத்தியிலும், ஆய்வுக்களத்தின் மக்கள் பேசும் மொழியிலும் எழுதி, மாநகராட்சியின் விளையாட்டுப் பிரிவுக்கும் அந்த மைதானத்தின் சங்கத்துக்கும் அளிப்பதை ஒப்படைப்பு நிபந்தனைகளில் ஒன்றாக்கலாம். புதிய சட்டமோ கூடுதல் நிதியோ இதற்குத் தேவையில்லை. அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போதும்.